புகார் எண் 2217-க்குப் பதில்

மதிப்பிற்குரிய சீட்ஸே அவர்களுக்கு,
லீவார்டனிலிருந்து நீங்கள் எழுதியதை
வவுட்டர் இடைவேளையில் உரக்கப் படித்தார்.
ஆறு வருஷமாய் என் இலை வளரவில்லை
என்ற இடத்தில்
பதினோரு பேர் சிரித்தோம். மன்னியுங்கள்.
காபி இயந்திரம் அன்று பழுது,
சிரிக்க வேறொன்றும் இருக்கவில்லை.

பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.
இங்கே டச்சில் எனக்குத்தான் பிழை குறைவாம்.

உங்கள் மேல் குற்றமில்லை.
தண்ணீர் சரி. மண் பொடியாய்க் காய்ந்தபின்
மாதம் இருமுறை போதும்.
கிழக்கு ஜன்னலும் சரி.
பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன் என்கிறீர்களே,
அதனாலும் கெடுதல் இல்லை.

குற்றம் எங்கள் கத்தியில்.

ஹோயா ஒரு கொடி.
நால்ட்வைக்கில் எங்கள் கண்ணாடிக் கூடத்தில்
கம்பி பற்றி ஏறி, கூரையில் முட்டி,
போக இடமின்றித் திரும்பி இறங்கும் ஜாதி.
காம்பு தண்டைச் சேரும் இடத்தில்
மிளகளவு ஒரு வீக்கம், அதுதான் கணு.
துளிரெல்லாம் அதற்குள்ளேதான் தூங்கும்.
இலையை மட்டும் நறுக்கினால்
ஒரு கொடியில் நாற்பது இதயம்.
கணுவோடு நறுக்கினால் இருபது தேறாது.
மிச்சத்தை நீங்களே கணக்குப் போடலாம்.

கணு இழந்த இலை சாவதில்லை. அதுதான் விசித்திரம்.
வேர் விடும். தடித்த தோலுக்குள்
தன் தண்ணீரைத் தானே சேர்த்துக்கொண்டு
பச்சையாய் நிற்கும், வருஷக்கணக்கில்.
இன்னொரு இலை போட மட்டும்
அதனிடம் எதுவும் இல்லை.

ஜனவரி முழுக்க இதே வேலை.
ஊதா விளக்கின் கீழ் ஆளுக்கு மூவாயிரம்,
கூர் கீழே, பிளவு மேலே,
கட்டைவிரலால் மண்ணை ஓர் அழுத்து.
பிப்ரவரி பதினைந்தில் மிஞ்சியவை பாதி விலை.
உங்கள் இலையை நட்டது நானாகவும் இருக்கலாம்.
சற்றுச் சாய்ந்திருந்தால், அது டோரோத்தா.

பிறகு தனியாய் மறுபடி படித்தேன்.
முதல் பத்தியில் "நாங்கள் வாங்கினோம்".
கடைசியில் "நான் என்ன செய்யட்டும்".
நடுவில் ஒரு வரி:
சாவிக்கொத்தோடு ஒரு துணிப்பையில்
யெல்ட்யே இதையும் திருப்பித் தந்தாள்.
அந்த வரியை வவுட்டர் படிக்கவில்லை.
தாண்டிப் போனார். நல்ல மனிதர்.

என்னிடமும் ஒன்று இருந்தது,
கழிவுத் தொட்டியில் எடுத்தது.
நாலு பேர் தங்கும் வீட்டின் அடுப்படி ஜன்னலில்
மூன்று வருஷம் தினமும்
அதன் அடியில் குனிந்து பார்த்தேன்,
வெட்டியவளே.

படிவத்தில் இரண்டே கட்டம்:
பணம் திருப்பித் தரலாம்,
புகாரைத் தள்ளலாம்.
இரண்டிலும் நான் குறியிடவில்லை.

பெட்டியைக் கவனமாய்த் திறவுங்கள்.
செய்தித்தாளுக்குள் விரல் நீளத் தண்டு, இரண்டு இலை.
ஒன்றில் ஓட்டை;
தரப் பரிசோதனையில் தோற்றது அதனால்தான்.
தடவிப் பாருங்கள், மிளகு தட்டுப்படும்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது வளரும்.
முதல் வருஷம் ஏமாற்றும்.
பிறகொரு நாள் இலையே இல்லாத
நீளக் கயிறொன்றை வெளியே எறியும்.
திரைச்சீலையைப் பிடிக்கும், விளக்கைப் பிடிக்கும்,
வெட்டினால் பால் வடியும்.
பூத்தால் இரவெல்லாம் மணக்கும்,
தேன் சொட்டித் தரை பிசுபிசுக்கும்.
இதெல்லாம் வேண்டுமா என்று யோசியுங்கள்.
வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம்,
தபால் செலவு எங்களுடையது.

பழையதை எறிய வேண்டாம்.
பக்கத்தில் இருக்கட்டும்.
அது நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
நெவெனா,
மூன்றாம் கூடம்.

பி.கு.: என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று
எழுதவில்லையே.